பந்தியும் விடுதியும்

கல்லூரி விடுதியின் வரலாற்றை அடிக்கல்லிலிருந்து எழுதுவதுதான் வழக்கம். அடுப்பங்கரையிலிருந்து எழுதினால் வேறு கதை கிடைக்கும். தமிழ்நாட்டில் விடுதிகளைத் திரும்பத் திரும்பக் கட்டவைத்தது ஒழுகிய கூரை மட்டுமல்ல, யார் பக்கத்தில் யாருக்கு இலை போடுவது என்ற வழக்கும்தான். 1916இல் டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லத்தைத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியின் விக்டோரியா விடுதி அதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் இருந்தது. வெளியூர்களிலிருந்து படிக்க வந்த பிராமணரல்லாத பிள்ளைகளுக்குச் சாதி கேட்காமல் சோறு போடும் இடம்தான் அரிதாக இருந்தது. திராவிடர் இல்லத்தில் தங்கிப் படித்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். அடுத்த சில ஆண்டுகளில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி போட்டது பெரும் சண்டையானது. அது கல்லூரி விடுதி இல்லையே என்பார்கள். இல்லைதான். ஆனால் 1925இல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியதன் பின்னணியில் அந்த இலையும் கிடந்தது. விடுதிச் சாப்பாட்டைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாததற்கு அதுவே சாட்சி.

திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து பத்துக் கல் தொலைவுக்குள் இருக்கும் காந்திகிராமத்தில் இந்த வழக்கை வேறு விதமாக அணுகினார்கள். 1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் அதை நிறுவியது, கைவேலையையும் துப்புரவையும் படிப்போடு சேர்த்த ஆதாரக் கல்வியை நம்பி. துடைப்பம் எல்லார் கைக்கும் வந்துவிட்டால் தனிப்பந்திக்கு நியாயம் சொல்வது கடினம்.

ஆதிதிராவிட மாணவர்களுக்கென்று தனி விடுதி கட்டியதும் ஒருவகைத் தனிப்பந்திதானே என்ற கேள்வி நியாயமானது. வாசலில் தொங்கிய பலகையே பையனின் சாதியைத் தெருவுக்குச் சொல்லிவிட்டது. ஆனாலும் வீடு வாடகைக்குக் கேட்டால் சாதி கேட்கும் ஊரில் அந்த விடுதி இல்லையென்றால் படிப்பே இல்லை. தள்ளிவைப்பதற்கும், தள்ளிவைக்கப்பட்டவருக்குக் கூரை தருவதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. அப்படிப்பட்ட விடுதிகளில் ஒன்றான, சென்னை சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதியின் பழைய கட்டடம் போய், பத்துத் தளங்களோடு புதியது எழுந்து 2025இல் திறக்கப்பட்டது. சுவரும் கழிப்பறையும் முக்கியமில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒழுகும் அறையில் சமத்துவம் படிக்க முடியாது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் நடந்ததையும் மறுகட்டுமானக் கணக்கில்தான் சேர்ப்பேன்: பல துறைகளின் அரசு விடுதிகளுக்கும் 'சமூகநீதி விடுதி' என்ற ஒரே பெயர் அறிவிக்கப்பட்டது. அவற்றை நடத்தும் துறைகள் மட்டும் இன்னும் தனித்தனி.