தகரமா, சரித்திரமா?



நமது ஜொகூர் வானத்தில் ஒரு காலத்தில் போர் விமானங்கள் மோதிக்கொண்டன என்பது இன்றைய பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1942 ஜனவரி 26-ஆம் நாள் எண்டாவ் கரையில் ஜப்பானியர் இறங்கினர். அவர்களைத் தாக்கச் சிங்கப்பூரிலிருந்து பிரிட்டிஷ் விமானங்கள் புறப்பட்டன. அவற்றுள் பல, வில்டபீஸ்ட் எனும் பழைய இரட்டை இறக்கை விமானங்கள். உலோகச் சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. வேகமோ மணிக்கு ஏறக்குறைய 230 கிலோமீட்டர்தான்! அந்த ஒரே நாளில் 10 வில்டபீஸ்ட் விமானங்கள் அழிந்தன.

இக்காலத்தில் பழைய விமான உறுப்புகளை மேசையாகவும் விளக்காகவும் மாற்றி வீட்டை அலங்கரிப்பது நாகரிகமாகிவிட்டது. "பழைய தகரந்தானே, சுவத்துல மாட்டினா அழகா இருக்கும்" என்று நமக்கும் தோன்றலாம். ஆனால், அது என்னவென்று அறிய வேண்டாமா?

விமானத் தகடு இரும்பன்று. அலுமினியத்தோடு சிறிது செம்பு கலந்த துராலுமின் என்னும் உலோகம். காந்தம் ஒட்டாது, கனமும் குறைவு. ஓரங்களில் ரிவிட்டு ஆணிகள் வரிசையாக இருக்கும். பிரிட்டிஷ் உறுப்புகளில் 'ஏ.ஐ.டி.' என்ற பரிசோதனை முத்திரையும், அமெரிக்கத் தகடுகளில் 'அல்கிளாட்' என்ற எழுத்தும் காணப்படுவதுண்டு. பொறித்த எண் இருந்தால் அதைச் சுரண்டவே கூடாது. இது எந்த விமானம், இதில் சென்றவர் யார் என்று கண்டறிய அந்த எண் உதவும்.

போர் ஓய்ந்த சில நாளில், 1945 ஆகஸ்ட் 23 அன்று, லிபரேட்டர் விமானம் ஒன்று நெகிரி செம்பிலான் காட்டில் விழுந்தது. அதில் மாண்ட 8 பேரின் எச்சங்கள் 2012-இல்தான் கோலாலம்பூர் செராஸ் சாலைக் கல்லறையில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டன. சிதைவுகள் காட்டிலேயே கிடந்ததால்தானே அது முடிந்தது?

இன்னொன்று: அக்கால விமானக் கடிகாரங்களின் முள்ளிலும் எண்ணிலும் ரேடியம் பூசுவார்கள். ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. அது பாதியாகக் குறையவே 1600 ஆண்டுகள் ஆகும். பிள்ளைகள் உறங்கும் அறைக்கு அது அலங்காரமா?

காட்டை அழிக்கும்போதும் குழி வெட்டும்போதும் இவற்றை முதலில் காணக்கூடியவர்கள் நம் தோட்டத்து உழைப்பாளர்கள். அருகே வெடிக்காத குண்டும் இருக்கலாம், ஆகவே தொடாதீர்கள். போலீசுக்குச் சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கும் தெரிவியுங்கள்.

பழைய இரும்புக் கடையில் அதற்குச் சில வெள்ளி கிடைக்கும். எங்கோ ஒரு தாய் தன் மகன் விழுந்த இடம் தெரியாமலே கண் மூடியிருப்பாள். அதற்கு விலை ஏது? சிந்திப்போம்!