பிறந்த ஊர் எது?

புதிதாக ஒருவரைப் பார்த்தால் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்பது நம் வழக்கம். ஜப்பானில் ஒரு புற்றுநோயின் வேரைத் தேடும் வழி இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

1970களில் கியோட்டோ நகரில் டாக்டர் தகாட்சுகியும் அவருடைய குழுவினரும் விசித்திரமான சில நோயாளிகளைப் பார்த்தார்கள். எல்லோரும் நடுவயதைத் தாண்டியவர்கள். உடம்பில் நெறிகட்டி, சிலருக்குத் தோலிலும் தடிப்பு. ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெள்ளணுக்களின் உட்கரு பூவிதழ் போலப் பிரிந்திருந்தது. 1977இல் இப்படி 16 பேரைப் பற்றி எழுதினார்கள். வைத்தியத்துக்கு வந்தது கியோட்டோவுக்கு என்றாலும், அவர்களில் பெரும்பாலோர் பிறந்தது தென்மேற்கிலுள்ள கியூஷு தீவில்!

லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல. அதில் பல டஜன் வகைகள் உண்டு. எந்த வகை எத்தனை பேருக்கு என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜப்பானிய மருத்துவர்கள் 3194 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2000இல் வெளியிட்ட கணக்கில், 'டி செல்' வகைகள் மட்டும் கால்வாசி. மேலை நாடுகளில் இதில் பாதிகூட இராது. இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் அந்தக் கியூஷு நோய்தான்.

அதற்குக் காரணமான வைரஸை 1980இல் அமெரிக்காவில் ராபர்ட் கேலோ குழு கண்டது. மறு ஆண்டே ஹினுமா குழு கியோட்டோ நோயுடன் அதைச் சேர்த்துக் காட்டியது. வைரஸ் பிள்ளைக்குப் போவது பெரும்பாலும் தாய்ப்பால் வழியே என்று பிறகு தெரிந்தபோது, எத்தனை வீடுகளில் இடி விழுந்திருக்கும்!

கியூஷுவிலுள்ள நாகசாகி மாவட்டத்தில் 1987 முதல் கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, வைரஸ் உள்ள தாய்மார்களிடம் தாய்ப்பாலைத் தவிர்க்கச் சொன்னார்கள். வைரஸ் உள்ளவர்களில் 100க்கு ஏறக்குறைய 5 பேருக்குத்தான் ஆயுளில் நோய் வரும். அதுவும் 50, 60 வயதுக்கு மேல். அதற்காகப் பச்சைக் குழந்தைக்குப் பால் மறுப்பதா? எங்கள் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் டாக்டரையே திட்டியிருப்பார்கள். ஆனாலும் பல தாய்மார்கள் கேட்டார்கள். 100 குழந்தைகளில் சுமார் 20 பேருக்குத் தொற்றியது, 3க்கும் கீழே இறங்கியது.

இதற்குள் கியூஷுக்காரர்கள் பிழைப்புத் தேடி டோக்கியோ, ஒசாகா என்று பரவிவிட்டார்கள். வைரஸும் கூடவே போனது. நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை வந்தது 2010க்குப் பிறகுதான். நாகசாகியில் 1987இல் புட்டிப்பால் குடித்த குழந்தைகள் நோய் வரக்கூடிய அந்த வயதைத் தொட இன்னும் பல வருஷம் இருக்கிறது.