தூங்கக் கூடாத இரவு

கதை எழுதுகிறவனுக்குச் சரித்திரத்தில் ராஜாக்களைக் காட்டிலும் பாட்டிமார்களிடம் பிரியம் அதிகம். ராஜாக்கள் சட்டம் போடுகிறார்கள். பாட்டிகள் பழக்கம் பண்ணி வைக்கிறார்கள். இரண்டும் மோதிக்கொண்டால் எது நிலைக்கும்? லாட்வியா என்ற சின்னஞ்சிறு நாட்டின் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

லாட்வியா பால்டிக் கடற்கரையில் இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அங்கே பகல் ஏழு மணி நேரம்கூட இராது. ஜூன் 21-ஆம் தேதியை ஒட்டி எல்லாம் தலைகீழாகிவிடும். தலைநகரான ரீகாவில் இரவு பத்து மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். விடியற்காலை நாலரை மணிக்கெல்லாம் மறுபடியும் எழுந்துவிடும். மாதக்கணக்கில் வெளிச்சத்துக்கு ஏங்கிக் கிடக்கும் ஜனங்கள், சூரியன் வடக்கே உச்சிக்கு ஏறித் தெற்கே திரும்பும் நாளைத் திருநாளாக்கிக் கொண்டதில் வியப்பென்ன?

1201-ல் ஆல்பெர்ட் என்னும் பிஷப் ரீகா நகரை நிறுவினார். சிலுவையோடு வாளும் வந்தது. பழைய தெய்வங்களின் வழிபாடு ஒடுங்கிற்று. ஆனால் கோடைத் திருநாள் ஒடுங்கவில்லை. பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது. ஸ்நானக யோவான் இயேசுவுக்கு ஆறு மாதம் மூத்தவர் என்பது கிறிஸ்தவர்களின் கணக்கு. கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 என்றால், யோவான் பிறந்த நாள் ஜூன் 24 ஆகிறது. சூரியனின் திருநாளுக்குப் பக்கத்திலேயே ஒரு புனிதரின் நாள்! யோவானை லாட்வியர்கள் யானிஸ் என்பார்கள். விழாவுக்கும் 'யானி' என்று பெயர் வந்தது. மாதா கோயிலுக்கும் திருப்தி, பாட்டிகளுக்கும் திருப்தி.

ஜூன் 23-ஆம் தேதி புல்வெளியெங்கும் பூப்பறிப்பு. பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் காட்டுப் பூக்களால் தலைமாலை. ஆண்களுக்கும் பையன்களுக்கும் ஓக் இலை மாலை. தொழுவத்துப் பசுவுக்கும் ஒரு மாலை உண்டு. சீமைச் சீரகம் போட்ட வட்டமான பால்கட்டி எல்லோருக்கும்; பார்லி பீர் பெரியவர்களுக்கு. சூரியன் மறையும் முன் மேட்டில் தீ மூட்டி, மறுபடி அது உதிக்கும் வரை அணையாமல் காப்பார்கள். தீயின் ஒளி எட்டும் மட்டும் வயல் செழிக்கும் என்பது நம்பிக்கை. தீயைத் தாண்டிக் குதிப்பதும் உண்டு.

அன்றிரவு தூங்குகிறவன் கோடை முழுவதும் தூங்கி வழிவான் என்று ஒரு பேச்சு உண்டு. குழந்தைகளுக்கு இதைவிட இனிய சட்டம் வேறு வேண்டுமா? வருஷம் முழுவதும் 'தூங்கு, தூங்கு' என்று மிரட்டும் பெரியவர்கள், ஓர் இரவு மட்டும் 'தூங்காதே' என்கிறார்கள்!

பண்ணைக்குப் பண்ணை பாடிக்கொண்டு போகிறவர்களுக்கு 'யானிஸின் குழந்தைகள்' என்று பெயர். நரைத்த தாடிக்காரரும் அன்று குழந்தைதான். வரவேற்கும் வீட்டுக்காரர் யானிஸின் தந்தை. வீட்டம்மாள் யானிஸின் தாய். பாட்டுக்களோ பெரும்பாலும் நாலே நாலு அடி. அடிக்கு அடி 'லீகோ, லீகோ' என்று பல்லவி வரும். பாட்டுத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையும் 'லீகோ'வில் சேர்ந்துகொள்ளலாம். கிறிஷ்யானிஸ் பாரன்ஸ் என்ற அறிஞர் தம் நாட்டு நாடோடிப் பாட்டுக்களைத் திரட்டி, 1894 முதல் 1915 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் சுமார் 2,18,000 பாட்டுக்கள் இருக்கின்றன. இந்த விழாவின் பாட்டுக்களும் அவற்றில் உண்டு.

இனித்தான் சோதனைக் காலம். 1940-ல் சோவியத் படை நாட்டைப் பிடித்தது. நடுவில் ஜெர்மானியர் வந்து போனபின், 1944-ல் மீண்டும் வந்தது. 1949 மார்ச்சில் ஒரு சில நாட்களுக்குள் 42,000-க்கும் மேற்பட்டவர்களை ரயிலேற்றி நாடுகடத்தினார்கள். கைக்குழந்தைகளும் அதில் அடக்கம். 1959-ல் அர்வீத்ஸ் பெல்ஷே என்பவர் லாட்வியக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைக்கு வந்தார். பழைய சமயத்தின் வாடையும் தேசாபிமானத்தின் வாடையும் வீசும் யானி விழா அதிகாரிகளுக்கு ஆகவில்லை. பொது வாழ்விலிருந்து அதை விலக்கி வைத்தார்கள்.

விலக்கியது நாட்காட்டியிலிருந்துதான். புல்வெளியில் பூக்கள் வழக்கம்போல் பூத்தன. வீட்டு முற்றங்களிலும் கிராமங்களிலும் விழா நடந்துகொண்டே இருந்தது. 1991-ல் நாடு சுதந்திரத்தை மீட்டது. இன்று அங்கே ஜூன் 23, 24 இரண்டும் அரசாங்க விடுமுறை நாட்கள்.

எப்படிப் பிழைத்தது இந்த விழா? என் மனத்துக்குப் படுவதைச் சொல்கிறேன். கோயில் இருந்தால் இடிக்கலாம். புத்தகம் இருந்தால் எரிக்கலாம். ஆனால் ஐந்து வயதில் ஒரு நாள், தலையில் ஓக் மாலையோடு, அப்பாவின் தோளில் கண் சொருகச் சொருக விழித்திருந்து சூரியோதயம் பார்த்தவனிடமிருந்து எந்தச் சர்க்கார் எதைப் பறிமுதல் செய்ய முடியும்? அவன் தன் குழந்தையையும் ஒரு நாள் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். பெரியவர்கள் மட்டும் கொண்டாடும் விழாவுக்கு ஆயுள் ஒரு தலைமுறை.

குழந்தைகளுக்குத் தூக்கம் கெடுமே என்று அவர்களைப் படுக்கப் போட்டுவிட்டு விழாவுக்குப் போகும் நல்ல பெற்றோர் எங்கும் உண்டு. நானும் அவர்களில் ஒருவன்தான். லாட்வியப் பாட்டிகளைப் பற்றிப் படித்தபின் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

அங்கே போன வருஷத்துத் தலைமாலையைக் குப்பையில் போடும் வழக்கமில்லை. வீட்டில் தொங்கவிட்டு, அடுத்த ஆண்டு விழாத் தீயில் இடுவார்கள். சருகாகிப் போன மாலை சடசடவென்று பற்றிக்கொள்ளும்போது, புது மாலை சூடிய குழந்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.