சுவருக்குள் பிழைத்த மான்

புதுச்சேரியில் நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது, ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன விலங்கு?" என்று கேட்டார். மாடு என்றோம், கழுதை என்றோம். சீனர்களும் எங்களைப் போலவே குழம்பியிருக்கிறார்கள். கொம்பு மானைப் போல, கழுத்து ஒட்டகத்தைப் போல, குளம்பு மாட்டைப் போல, வால் கழுதையைப் போல. ஆனால் நான்கில் எதுவும் அல்ல என்பது அவர்கள் வைத்த பட்டப்பெயர். மீலூ என்பதே அதன் பெயர். பிரெஞ்சில் 'தவீத் பாதிரியார் மான்'.

பெய்ஜிங்குக்குத் தெற்கே, யோங்டிங் ஆற்றுச் சமவெளியில், நான்ஹாய்ஸி என்ற அரச வேட்டைப் பூங்கா இருந்தது. உள்ளே சதுப்பும் புல்வெளியும், சுற்றிலும் மதில். வெளிக்காடுகளில் மீலூ என்றோ அற்றுப்போயிருந்தது. எஞ்சிய மந்தை அந்த மதிலுக்குள்தான். 1865இல் அர்மான் தவீத் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் மதிலுக்கு மேலாக அதைப் பார்த்தார். மறு ஆண்டே தோலும் எலும்பும் சேகரித்துப் பாரிசுக்கு அனுப்பினார். பின்னர் சில மான்கள் உயிருடனும் ஐரோப்பாவுக்குப் போயின.

1890களில் ஆறு பெருகி மதிலை உடைத்தது. தப்பி வெளியே வந்த மான்களைப் பசித்த மக்கள் கொன்று தின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிஞ்சியவை 1900ஆம் ஆண்டுக் கலவரத்தில் அழிந்தன.

நான் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில் பதிவறைக்குள் வெள்ளம் புகுந்தது. பழைய ஏடுகள் கூழாகிவிட்டன. கணவருடைய பணிக்காலச் சான்றுக்காக ஒரு அம்மாள் மாதக்கணக்கில் வந்து நின்றார். வேறெங்கும் நகல் இல்லை. அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அந்த முகம் இன்றும் நினைவிருக்கிறது.

மீலூவுக்கு மட்டும் நகல் இருந்தது. ஐரோப்பிய மிருகக்காட்சி சாலைகளில் இருந்தவற்றில் 18 மான்களை இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட் பிரபு தம் வோபர்ன் தோட்டத்தில் சேர்த்து வளர்த்தார். அவற்றின் சந்ததி 1985இல் அதே நான்ஹாய்ஸிக்குத் திரும்பியது. மறு ஆண்டு மேலும் 39 மான்கள் கடலோர டாஃபெங்குக்கு வந்தன. பின்னர் யாங்சி ஆற்றங்கரையில் ஷிஷோவிலும் ஒரு மந்தையை விட்டார்கள். இம்முறை ஒரே இடத்தில் வைக்கவில்லை.

1998இல் யாங்சி பெருகியபோது ஷிஷோ மான்கள் சில வேலி தாண்டி வெளியேறின. அவை அழியவில்லை. காட்டிலேயே குட்டி போட்டுப் பெருகின. ஒரு வெள்ளம் அழித்த இனத்தை இன்னொரு வெள்ளம் காட்டுக்கு அனுப்பிவைத்தது.

காப்பதற்குச் சுவர் வேண்டியதுதான். கூடவே, இன்னோர் இடத்தில் ஒரு நகலும் வேண்டும்.