வளைவில் வரையும் கோடு

சைக்கிளோட்டத் தெரிந்த ஒருவரிடம், இடப்பக்கம் திரும்புவதற்கு முதலில் என்ன செய்வீர் என வினவின், கைபிடியை இடப்பக்கம் திருப்புவேன் என்றே விடை கூறுவார். உண்மை அதுவன்று. அவர் தம்மையறியாமலே கைபிடியைக் கணப்பொழுது வலப்பக்கம் திருப்புகின்றார். அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கின்றது. சாய்ந்த பின்னரே திரும்புகின்றது. விமானங் கண்ட றைற் சகோதரருள் ஒருவரான வில்பர், சைக்கிள் வணிகருமாவர். அவர் பலரிடம் இவ்வினாவை விடுத்தும் முழுமையான விடையை எவரிடமும் பெறவில்லை. உடல் அறிந்ததை அறிவு அறியாதிருத்தல் அத்துணை இயல்பானது. பந்தயப் பாதையில் மோட்டார் சைக்கிளை வளைவுகளூடே செலுத்தும் வித்தையும் நெடுங்காலம் இவ்வாறே, சொல்லப்படாத அறிவாக இருந்தது. அது சொல்லவும் கற்பிக்கவும் கூடியதாக மாறிய வரலாறே ஈண்டு நோக்கப்படுகின்றது.

வளைவொன்றில் வண்டி செல்லும் பாதையைப் பந்தய ஓட்டுநர் ‘கோடு’ என்றே சுருங்கக் கூறுவர். அதன் கணிதம் எளியது. தரையின் பிடிப்பு மாறாதவிடத்து, வேகத்தின் வர்க்கம் வளைவின் ஆரைக்கு நேர்விகிதமாகும். உள்ளோரம் 40 மீற்றர், வெளியோரம் 50 மீற்றர் ஆரையுள்ள செங்கோண வளைவொன்றைக் கொள்வோம். நடுவே செல்பவனுக்குக் கிடைக்கும் ஆரை 45 மீற்றர். வெளியோரத்திற் புகுந்து, நடுவில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரத்துக்கு வருபவனுக்கோ ஏறத்தாழ 74 மீற்றர். வண்டியின் எடைக்குச் சமமான பக்கப்பிடிப்பைத் தரை அளிக்குமாயின், முன்னையவன் மணிக்கு 76 கிலோமீற்றரிலும் பின்னையவன் 97 கிலோமீற்றரிலும் செல்லலாம். மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பந்தயமோடியவரும் பொறியியலாளருமான இத்தாலியர் பியேரோ தறுவ்வி, 1950களின் பிற்பகுதியிலேயே இத்தகைய கணிப்புகளை நூலாக்கினார்.

ஆயின் கணிதம் அறிந்தமையால் ஒருவர் வளைவைக் கற்றுவிட்டார் எனக் கூறல் பொருந்தாது. 1911 முதல் மான் தீவின் மலைப்பாதையில் நடைபெறும் போட்டியை நோக்குக. சுற்றொன்று ஏறத்தாழ 60 கிலோமீற்றர். வளைவுகள் இருநூறுக்கும் அதிகம். ஓரங்களிற் கல்மதில்களும் வீடுகளும். அங்கே கற்றல் என்பது பெரும்பாலும் மனனமே. ஒரு கோட்டைச் சோதித்துப் பார்த்து, பிழையெனக் கண்டு, அடுத்த சுற்றில் திருத்துதல் என்னும் வசதி அங்கில்லை. பிழைத்தவர் திருத்துவதற்கு உயிரோடிருப்பார் என்பதற்கு உறுதியில்லை. 1972இல் இத்தாலிய வீரர் ஜில்பேர்ட்டோ பார்லொட்டி அங்கு இறந்தபின், அவர்தம் நண்பர் அகொஸ்தினி அப்போட்டியை நிரந்தரமாகத் துறந்தார். 1976க்குப் பின்னர் அது உலகப் போட்டித்தொடரினின்றும் நீக்கப்பட்டது.

மூடிய பந்தயப் பாதைகள் மட்டும் பாதுகாப்பானவையாக இருந்தனவோ எனின், அதுவுமில்லை. பின்லாந்தினரான யார்னோ சாரினென் பொறியியல் கற்றவர். பனித்தரையில் ஓடிப் பழகியவர். உடலை வண்டியின் உட்புறமாக இறக்கி, முழங்காலை வெளியே நீட்டி வளைவெடுத்த முன்னோடிகளுள் அவர் தலையாயவர். 1972இல் 250 சீசீ பிரிவில் உலக வெற்றியாளரான அவர், 1973 மே 20இல் மொன்சாப் பாதையின் வேகவளைவொன்றில் உயிரிழந்தார். அவர் கோட்டிற் பிழையிருக்கவில்லை. முன்னே சென்ற பசொலினி விழுந்தார், இருமருங்கும் இரும்பு வேலி, விலகுவதற்கு இடமில்லை. பசொலினியும் இறந்தார். ஓட்டுநர்கள் பாதையோரத்து வெற்றுநிலத்தைக் கேட்டுப் போராடியது கோழைத்தனத்தால் அன்று. கற்பதற்கு அந்நிலம் இன்றியமையாதது என்பதே என் கருத்து.

1978இல் ஐரோப்பா வந்த அமெரிக்கர் கெனி றொபேட்ஸ், மண்தரை ஓட்டத்திற் பின்சக்கரத்தை வழுக்கவிட்டே திரும்பப் பழகியவர். வரிப்பள்ளமற்ற புதிய ரயர்கள் அப்போது வழக்குக்கு வந்திருந்தன. 500 சீசீ இயந்திரங்களின் வலுவும் 100 குதிரைவலுவைக் கடந்திருந்தது. சாய்ந்த ரயர் தன் பிடிப்பைத் திரும்புவதற்கே செலவிடுகின்றது. வேகங்கூட்டுவதற்கு மிச்சம் சொற்பமே. ஆதலின் றொபேட்ஸ் சீரான பெருவில்லைக் கைவிட்டார். மெதுவாகப் புகுந்து, விரைவாகத் திருப்பி, உள்ளோரத்தைச் சற்றுப் பிந்தித் தொட்டு, வண்டியை நிமிர்த்தி, முழு வலுவுடன் வெளியேறினார். வளைவினுள் அவர் இழந்ததை நேர்ப்பாதையில் மீட்டுக்கொண்டார். 1978, 1979, 1980 ஆகிய மூன்றாண்டுகளும் பட்டம் அவருக்கே. தறுவ்வியின் கணிதம் பொய்க்கவில்லை. வினாவே மாறியது எனலாம்.

இவ்வறிவைப் பாடமாக்கியவருள் முக்கியமானவர் கலிபோர்ணியாவில் 1980இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கீத் கோட். 1983இல் அவர் நூலும் வெளிவந்தது. ஓட்டுநரின் கவனத்தைப் பத்து டொலர் பணமாக உவமித்தார் அவர்: ஐந்து டொலரைப் பிரேக்கிலேயே செலவிடுபவனுக்குக் கோட்டைக் காண எஞ்சுவது ஐந்துதான். பழகப் பழக அச்செலவு குறையும். வில்பர் றைற் கண்ட அந்த எதிர்த்திருப்பலையும் அவர் பெயரிட்டுக் கற்பித்தார். உடல் மறைத்து வைத்திருந்ததை ஒருமுறை சொல்லாக்கி, மீண்டும் உடலிடமே ஒப்படைக்கும் முறையிது.

பழைய முறை தோற்றொழிந்தது என எவரும் முடிவுகட்டல் வேண்டா. றொபேட்ஸ் முதற்பட்டம் பெற்ற அதே 1978இல், பதினோராண்டு இடைவெளியின் பின் மைக் ஹெயில்வூட் மான் தீவுக்குத் திரும்பினார். முழங்கால்கள் வண்டியோடு ஒட்டியிருக்க, மதிலுக்கும் தமக்குமிடையே சிறிது இடம் விட்டு, டுக்காற்றி வண்டியில் ஓடி வென்றார்.