சட்டாம்பிள்ளையும் கூட்டாளியும்: மாணவர் மாணவருக்குக் கற்பித்தது பற்றிச் சில குறிப்புகள்

1

ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியே போகும்போது ஒரு பையனை எழுப்பி நிறுத்திவிட்டுப் போவார். ‘பேசறவன் பேரை போர்டுல எழுது’. நம்மில் அநேகமாக எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு, பெயரை எழுதியவர்களாகவோ எழுதப்பட்டவர்களாகவோ. எழுதுகிறவனும் மாணவன்தான். ஆனால் சாக்பீஸ் கைக்கு வந்த அந்தப் பத்து நிமிஷம் அவன் வேறு ஆள். பக்கத்து பெஞ்சுக்காரனிடம் ‘இது எப்படிடா வந்துச்சு?’ என்று ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டவன் பெயரும் போர்டில் ஏறும். பேச்சு என்பது குற்றம், அவ்வளவுதான்.

சேர்ந்து படிப்பது, மாணவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பது என்பவை பற்றி இன்று கல்வித் துறையில் நிறையப் பேசப்படுகிறது. +2 வேதியியல் போன்ற, பெரும்பாலோர் தடுக்கி விழுகிற பாடங்களுக்கு இதை ஒரு மருந்தாகவே சிபாரிசு செய்கிறார்கள். மருந்துதான், சந்தேகமில்லை. ஆனால் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சட்டாம்பிள்ளையின் வரலாறு. மற்றது கூட்டாளியின் வரலாறு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

2

முதல் வரலாறு புறப்பட்ட இடம் நம்முடைய எழும்பூர். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் தொடங்கப்பட்ட ராணுவ ஆண் அனாதைகள் விடுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். வெள்ளைச் சிப்பாய்களுக்குப் பிறந்த பிள்ளைகளின் விடுதி அது. பல பிள்ளைகளின் தாய்மார்கள் இந்தியப் பெண்கள். ஒருநாள் ‘மலபார்’ பள்ளி ஒன்றைக் கடந்து போகிறபோது குழந்தைகள் மணலில் விரலால் எழுதுவதை பெல் பார்த்தார். அந்தக் காலத்து ஆங்கிலேயர் சென்னைப் பக்கத்தில் ‘மலபார்’ என்று குறித்தது தமிழர்களைத்தான். தன் விடுதியிலும் அப்படியே செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. உடனே ஃபிரிஸ்கன் என்கிற எட்டு வயசுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் பொறுப்பை ஒப்படைத்தார். பையன் செய்துகாட்டினான். கொஞ்ச காலத்தில் விடுதி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நிலை வந்தது. 1796இல் ஊர் திரும்பிய பெல் மறு வருஷமே இதை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று உலகம் அதற்குப் பெயர் வைத்தது. செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.

மணலைப் போலவே மாணவ ஆசிரியனையும் பெல் இங்கிருந்துதான் எடுத்தாரா, தற்செயலாகத் தானே கண்டடைந்தாரா என்பது வாதத்துக்குரியது. ஆனால் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை ஏற்கெனவே இருந்தான். மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தங்கள் படிப்பையும் உறுதிப்படுத்திக்கொள்வதை பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் 1823இல் மெச்சி எழுதினார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது நியாயம்தான் என்பது அவர் கட்சி. தரம்பால் 1983இல் வெளியிட்ட நூல் வழியாக இந்த ஆவணங்கள் பரவலாயின. ‘பார்த்தீர்களா, நம்முடையதைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனான்’ என்று பெருமைப்படுவதற்கு அன்றிலிருந்து ஆட்களுக்குக் குறைவில்லை.

பெருமைப்படட்டும். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வியைத் தாண்டிவிட்டுப் பெருமைப்பட முடியாது. தமிழ்ப் பகுதிகளில் பிராமணரல்லாத சாதிப் பிள்ளைகள் பெருவாரியாகப் படித்தார்கள் என்று அதே கணக்குகள் சொல்கின்றன. உண்மை. பெண்பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் என்றும் அதே கணக்குகள் சொல்கின்றன. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கோ திண்ணை என்பது பெரும்பாலும் தெருவில் நின்று பார்க்கிற இடமாகத்தான் இருந்தது. முறையை மட்டும் தனியே கழற்றி எடுத்து, அது நடந்த இடத்தை மறந்துவிடுவது பெல் செய்த காரியம். நாமும் அதையே செய்ய வேண்டுமா?

3

லண்டனில் ஜோசஃப் லங்காஸ்டர் 1798 வாக்கில் ஒரு பள்ளி தொடங்கினார். கிட்டத்தட்ட இதே முறையைப் பெரிய அளவில் கொண்டுபோனவர் இவர். ஒரே கூடம், ஒரே ஆசிரியர், ஆயிரம் பிள்ளைகள் என்பது அவருடைய கனவு. பத்துப் பேருக்கு ஒரு சட்டாம்பிள்ளை. வருகை எடுக்க ஒருவன், சிலேட்டுகளைப் பார்க்க ஒருவன், சட்டாம்பிள்ளைகளைக் கண்காணிக்க இன்னொரு சட்டாம்பிள்ளை. சரியாகச் சொன்னவன் வரிசையில் முன்னே போவான், தப்பாகச் சொன்னவன் பின்னே போவான். பிரம்பை லங்காஸ்டர் வெறுத்தார். அதற்குப் பதில் கழுத்தில் மரக்கட்டை மாட்டுவது, கூடையில் உட்காரவைத்து உத்தரத்தில் தொங்கவிடுவது என்று அவமானத்தைத் தண்டனையாக்கினார்.

1975இல் வந்த தன் நூலில் மிஷேல் ஃபூக்கோ இந்தவகைப் பள்ளியை ராணுவம், சிறை, ஆலை ஆகியவற்றோடு சேர்த்து ஒழுங்குபடுத்தும் எந்திரங்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறார். அதில் வியப்பில்லை. ஆலைத் தொழில் பெருகிய இங்கிலாந்துக்கு ஏழைப் பிள்ளைகளைச் சல்லிசாக எழுத்தறிவித்து, கூடவே மணிக்குக் கட்டுப்படவும் பழக்கவேண்டியிருந்தது. சம்பளமில்லாத சட்டாம்பிள்ளை அதற்குத் தோதாக அமைந்தான். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முறையில் அறிவு மேலிருந்து கீழே ஒழுகுகிறது. ஆசிரியர் சொன்னதை சட்டாம்பிள்ளை சொல்கிறான். சட்டாம்பிள்ளை சொன்னதைப் பிள்ளைகள் திருப்பிச் சொல்கிறார்கள். விடை முன்னமே முடிந்துபோன ஒன்று. ‘சட்டாம்பிள்ளைத்தனம்’ என்ற சொல்லை நாம் இன்றும் எந்த அர்த்தத்தில் புழங்குகிறோம் என்று யோசித்துப் பார்த்தாலே போதும்.

1846க்குப் பிறகு இங்கிலாந்து பயிற்சி மாணவ ஆசிரியர்களுக்கு உதவித்தொகை தரும் ஏற்பாட்டுக்கு மாறியது. லங்காஸ்டர் அதற்கு முன்பே கடனும் சண்டையுமாக அமெரிக்கா போய், 1838இல் நியூயார்க் தெருவில் வண்டி மோதி இறந்துபோனார். அந்த நகரத்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளி 1806இல் அவருடைய முறையில்தான் தொடங்கப்பட்டிருந்தது. நம் இரண்டாவது வரலாறும் அமெரிக்காவில்தான் நடக்கிறது. கலிஃபோர்னியா வழியாக இதே நியூயார்க்குக்கு வந்து சேரும்.

4

1970களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர்கள் பெருமளவில் தோற்கிறார்கள். சீன வம்சாவழி மாணவர்கள் நன்றாகத் தேறுகிறார்கள். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டால் பதில் தயாராக இருந்தது: ஊக்கமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை. ட்ரைஸ்மன் இரு தரப்பிலும் இருபதிருபது மாணவர்களை எடுத்துக்கொண்டு அவர்கள் எங்கே, எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். தயாராக இருந்த பதில்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் தங்கள் பள்ளிகளில் கெட்டிக்காரர்களாக இருந்தவர்கள். உழைக்கவும் செய்தார்கள். ஆனால் தனியாகப் படித்தார்கள். படிப்பு ஒருபக்கம், நண்பர்கள் ஒருபக்கம். சீன மாணவர்களோ தனியே போட்ட கணக்கைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்து அலசினார்கள். ‘உனக்கு என்ன வந்துச்சு? எனக்கு இது வரலையே’. வரவில்லை என்பது தன்னுடைய குறையா, கணக்கின் கடினமா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாக உட்கார்ந்திருப்பவனுக்கு அது கடைசிவரை தெரியாது. எல்லாக் குறையும் தன் மண்டையில்தான் என்று முடிவுகட்டிவிடுவான்.

1978இல் ட்ரைஸ்மன் தொடங்கிய பட்டறையின் முக்கியமான அம்சம், அது பின்தங்கியவர்களுக்கான தனிப்பாடம் அல்ல என்பது. வழக்கமானதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார், சேர்ந்து போடச் சொன்னார். தேறமாட்டார்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள் தேறினார்கள், பலர் முன்வரிசைக்கும் வந்தார்கள்.

வேதியியலில் இதே திசையில் 1990களின் தொடக்கத்தில் முயன்றது நியூயார்க் சிட்டி காலேஜ். ஹார்லெமில் இருக்கிற கல்லூரி. 1969இல் கறுப்பின, பியூர்ட்டோ ரிக்க மாணவர்கள் வளாகத்தைக் கைப்பற்றிப் போராடியதன் விளைவாக 1970இல் அதன் கதவு எல்லோருக்கும் திறந்தது. 1976இல் கட்டணம் வந்தது. திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவர்கள் முதலாண்டு வேதியியலில் விழுந்து அப்படியே வெளியேறிவிட்டால் போராடியதற்கு என்ன அர்த்தம்? டேவிட் காஸரும் அவரது சகாக்களும் உருவாக்கிய வழியில், போன வருஷம் இதே பாடத்தைத் தேறிய மாணவர் ஒருவர் ஆறு முதல் எட்டுப் பேரோடு வாரம் ஒருமுறை உட்காருகிறார். அவருக்குப் பயிற்சி உண்டு, ஊதியம் உண்டு. ஆனால் மதிப்பெண் போடும் அதிகாரம் இல்லை. கணக்குகளுக்கு விடைத்தாளும் கொடுப்பதில்லை. விடை இருந்தால் பேச்சு நின்றுவிடும். சட்டாம்பிள்ளையைக் கூட்டாளியாக்குவது இந்த இரண்டு ‘இல்லை’களும்தான்.

5

வேதியியலில் பேச்சு ஏன் இத்தனை முக்கியம்? கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1982இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். வேதியியல் ஆசிரியர் ஒரே மூச்சில் மூன்று உலகங்களில் பேசுகிறார். கண்ணால் பார்க்கிற நிறமும் வாயுவும் ஒன்று, கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இரண்டு, போர்டில் இருக்கிற குறியீடுகள் மூன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு அவர் தாவுவது அவருக்கே தெரியாது. அவ்வளவு பழக்கம்.

ஒரு உதாரணம். மூடிய கெட்டிப் பாத்திரத்தில் நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா மூன்றும் சமநிலையில் இருக்கின்றன. அதில் கொஞ்சம் ஹீலியம் செலுத்துகிறோம். என்ன ஆகும்? ‘அழுத்தம் கூடுது, அப்ப லே சாட்லியர்படி மோல் குறைவா இருக்கிற பக்கம் போகும், அம்மோனியா ஜாஸ்தியாகும்’ என்பான் ஒருவன். ‘ஹீலியம்தான் எதோடயும் சேராதே, அதுக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?’ என்பான் இன்னொருவன். மொத்த அழுத்தம் கூடினாலும் அந்த மூன்று வாயுக்களின் செறிவு மாறவில்லை, ஆகவே சமநிலை நகராது என்று தட்டுத்தடுமாறி வந்து சேர்வார்கள். அப்புறம் ஒருத்தி கேட்பாள்: ‘பாத்திரத்துக்கு பிஸ்டன் இருந்தா?’ அழுத்தம் மாறாமல் கொள்ளளவு பெருகினால் செறிவுகள் குறையும். சமநிலை மோல்கள் அதிகமுள்ள பக்கம், நைட்ரஜன் ஹைட்ரஜன் பக்கம், திரும்பும். மறுபடி சண்டை. ‘மாறாது, எழுதிக்கோ’ என்று ஒரு வரியில் முடிக்கக்கூடியதுதான் இது. ஆனால் அந்த ஒரு வரியில் எவனுடைய தப்பும் வெளியே வரவில்லை. நேற்று அதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவனுக்குத்தான் பள்ளம் எங்கே இருக்கிறது என்று ஞாபகம் இருக்கும்.

6

அமெரிக்கக் கல்லூரி முதலாண்டில் படிக்கிற இந்த வேதியியலின் பெரும்பகுதியை நாம் +2விலேயே படிக்கிறோம். அந்த நாட்டுப் பள்ளிகளிலும் தேர்ந்தெடுத்த சிலர் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ என்ற பெயரில் 1950களின் நடுவிலிருந்து இதையே படிக்கிறார்கள். நமக்கு 1978இல் +2 வந்தது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்து, 2007இல் போனது. 2017இலிருந்து மருத்துவத்துக்கு நீட். இடத்துக்கு இடம் மதிப்பெண் போட்டியாகிவிட்ட பின் ‘உனக்குச் சொல்லிக்கொடுத்தா என் ரேங்க் போயிடும்’ என்று நினைப்பது குணக்கேடு அல்ல. வரிசையில் ஆட்களை முன்னும் பின்னும் நகர்த்திய லங்காஸ்டரின் கூடம்தான் அது, கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதற்குள் நாம் ‘குழுக் கற்றல்’ நடத்தும்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? முதல் மதிப்பெண் எடுப்பவனிடம் ஐந்து ‘ஸ்லோ லேர்னர்’களை ஒப்படைக்கிறோம். அவன் ஒரு மதிப்பெண் வினாக்களை ஒப்பிக்கச் சொல்லி டிக் அடிக்கிறான். ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கிற இடத்தில் இந்த ஏற்பாடு இன்னும் வசதி. பெயர் புதிது, ஆள் பழைய சட்டாம்பிள்ளைதான்.

சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் +2 படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் சாயங்காலம் ஒரு நண்பன் வீட்டுத் திண்ணையில் சேர்ந்து படிப்போம். எங்களில் மோல் கணக்கை நிதானமாகப் போடக்கூடியவன் ஒருவன் இருந்தான். இரண்டு நாள் வந்தான். மூன்றாம் நாள் அந்த வீட்டுப் பாட்டி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, ரொம்பப் பிரியமாகத்தான் கேட்டார்: ‘தம்பி எந்தத் தெரு?’ அவன் சொன்னான். மறுநாளிலிருந்து வரவில்லை. ஏன் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய்திறக்கவில்லை. ‘அவன் தனியாப் படிக்கிற டைப்’ என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். வகுப்பில் இருந்த பெண்களைக் கூப்பிடலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பல வருஷம் கழித்து ட்ரைஸ்மனைப் படித்தபோது அந்தப் பேராசிரியர்களின் தயாரான பதில்களில் எங்கள் குரலையும் கேட்டேன். இடத்தை மாற்றியிருக்கலாம். பள்ளி வராந்தா இருந்தது. மாற்றவில்லை.

ஆகவே ‘சேர்ந்து படியுங்கள்’ என்று அறிவுரை சொல்வது போதாது. நம் ஊரில் சேர்க்கை என்பது தானாக நடந்தால் தெருவாரியாகத்தான் நடக்கும். யாருடைய வீடும் இல்லாத ஒரு இடம் வேண்டும். பள்ளி முடிந்த பிறகு ஒரு வகுப்பறையை விளக்கோடு திறந்து வைப்பது, கூட்டாளியாக வருகிற மூத்த மாணவருக்குப் பயிற்சியும் ஊதியமும் தருவது, இருட்டுகிற வேளையில் பெண்பிள்ளைகள் வீடு திரும்ப வழி செய்வது, இது எதையும் காலிப் பணியிடத்துக்கு ஈடாக்க விடாமல் பார்த்துக்கொள்வது: கேட்க வேண்டியவை இவைதான். கல்வி பற்றிய நம் கூட்டங்களில் பாடத்திட்டம் பற்றிப் பேசுகிற அளவுக்கு வகுப்பறைச் சாவி பற்றி நாம் பேசியதில்லை.

அந்த அறையிலும் ஒரு போர்டு இருக்கும். அதில் பேசியவர்களின் பெயர் இருக்கக் கூடாது. அவர்கள் பேசித் தீராத கணக்கு இருக்கட்டும்.