சுட்ட மண்ணில் தொலைந்த விடை

பயறு விளைந்த நிலம் வளம்பெறும் என்பதை உழவர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். கிளோவரும் பட்டாணியும் காற்றிலிருந்து நைட்ரஜன் பெறக்கூடும் என 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூசங்கோவின் சோதனைகள் உணர்த்தின. 1857–58இல் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் லாஸ், கில்பர்ட், பியூ ஆகியோர் இதை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்தனர். மண்ணிலிருந்த நைட்ரஜனை நீக்க அதைச் சுட்டெடுத்து, கண்ணாடிக் கூண்டுக்குள் செடி வளர்த்தனர். செடியில் நைட்ரஜன் கூடவில்லை. சூட்டில் மண்ணின் நுண்ணுயிர்களும் மடிந்திருந்தன என்பதை அன்று எவரும் எண்ணவில்லை.

விடை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தள்ளிப்போயிற்று. தூய மணலில் வாடிய பட்டாணி, சிறிதளவு மண்சாறு சேர்த்ததும் வேர்முடிச்சு விட்டுத் தழைத்ததை 1886இல் ஜெர்மானியர் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் அறிவித்தனர். 1888இல் டச்சு அறிஞர் பெய்ஜெரிங்க் அம்முடிச்சுப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். தூய்மையை நாடிய சோதனையே விடையையும் எரித்திருந்தது.